கல்யாண வட்டு கணினியில் ஏற மறுத்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிடம் பழைய விசிடிகளும் டிவிடிகளும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் பந்தல் போட்டு நடந்த கல்யாணம், தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா, இப்போது உயிரோடு இல்லாத பெரியவரின் அறுபதாம் கல்யாணம் என்று அவற்றில் பதிவாகியிருப்பவற்றுக்குப் பெரும்பாலும் வேறு பிரதி கிடையாது. படம் பிடித்துக் கொடுத்த ஸ்டூடியோ மூடப்பட்டிருக்கும்; லயங்கள் இடிக்கப்பட்டு அந்த இடத்தில் செம்பனையோ புது வீடுகளோ வந்திருக்கும். ஆகவே இந்த வட்டுகளைக் கணினிக்கு மாற்றும்போது எழும் பிழைகளை, வட்டுக்குத் தீங்கு நேராத வரிசையில்தான் அணுக வேண்டும். செலவில்லாததும் வட்டைத் தொடாததுமான சோதனை முதலில் வரும். பணம் கேட்பதும் வட்டைத் தேய்ப்பதும் கடைசியில் வரும்.

கீழே உள்ளவை வீட்டு நிகழ்ச்சி வட்டுகளுக்கானவை. கடையில் வாங்கிய திரைப்பட வட்டுகளுக்குத் தனித் தலைப்பு உண்டு.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

வட்டை டிரைவில் வைக்கும் முன், நடுத் துளையைச் சுற்றியுள்ள தெளிவான வளையத்தை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். இறுக்கமான பெட்டியிலிருந்து பலமுறை நெம்பி எடுக்கப்பட்ட வட்டுகளில் துளையின் ஓரத்திலிருந்து மயிரிழை வெடிப்பு கிளம்பியிருக்கும். கணினி டிரைவ் வட்டை வீட்டுப் பிளேயரைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழற்றுவதால் அந்த வெடிப்பு விரிந்து, வட்டு உள்ளேயே சிதறிவிடக்கூடும். வெடிப்பு பதிவுப் பகுதியை எட்டியிருந்தால் அந்த வட்டைக் கணினியில் போடவே வேண்டாம். நேராக இக்கட்டுரையின் கடைசிப் பகுதிக்குச் செல்லுங்கள்.

அடுத்து, கையில் இருப்பது விசிடியா டிவிடியா என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் 12 சென்டிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டவை என்பதால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். காயம் படும் விதமோ வேறு. டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டி, அவற்றின் நடுவில் பதிவு வைக்கப்பட்டிருக்கிறது. விசிடியில் பதிவுப் படலம் மேல்பக்கத்தில், பெயர் எழுதும் இடத்துக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. ஆகவே விசிடியின் பெயர்ப் பக்கத்தில் விழுந்த கீறல், அடிப்பக்கக் கீறலைவிட ஆபத்தானது. விசிடியைக் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், படலம் உதிர்ந்த இடங்களில் வெளிச்சம் ஊசித் துளைகளாகத் தெரியும். அந்த இடங்களில் இருந்த பதிவு போய்விட்டது. எந்த மென்பொருளும் அதைத் திரும்பக் கொண்டுவராது. மற்ற இடங்களில் இருப்பதைக் காப்பாற்றுவதே அப்போது நம் வேலை.

பல ஸ்டூடியோக்கள் மணமக்கள் படத்தைக் காகிதத்தில் அச்சடித்து வட்டின் மேல் ஒட்டிக் கொடுத்தன. நம் ஊர் ஈரப்பதத்தில் அந்தக் காகிதத்தின் ஓரம் சுருண்டு எழும்பியிருக்கும். அதை உரித்துவிடலாம் என்று எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். உரிக்காதீர்கள், விசிடியில் காகிதத்தோடு பதிவுப் படலமும் சேர்ந்து வந்துவிடும். எழும்பிய ஓரத்தை மெல்ல அழுத்திப் படிய வைத்து, மிகக் குறைந்த வேகத்தில் படியுங்கள்.

அறிகுறி: டிரைவின் பெயரே கணினியில் தெரியவில்லை, அல்லது தெரிந்து தெரிந்து மறைகிறது

இது வட்டின் கோளாறு அல்ல. இப்போதைய மடிக்கணினிகளில் டிரைவ் இல்லாததால் பெரும்பாலோர் யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிரைவைப் பயன்படுத்துகிறார்கள். அத்தகைய டிரைவ் சுழலத் தொடங்கும் கணத்தில் அதிக மின்சாரத்தை இழுக்கிறது. யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர்தான் தரும் என்று வரையறுக்கப்பட்டது, 3.0 துளை 900 வரை தரும். மின்சாரம் போதாதபோது டிரைவ் "டிக், டிக்" என்று ஒலித்து, ஒரு கணம் சுழன்று, அணைந்து, மறுபடி தொடங்கும்.

வடத்தை மாற்றிப் பாருங்கள். ஒரு துளையைப் பலவாக்கும் ஹப்பில் செருகியிருந்தால் எடுத்து நேரடியாகக் கணினியில் செருகுங்கள். மேசைக் கணினியானால் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத் துளைக்கு மாற்றுங்கள். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு யுஎஸ்பி முனைகள் கொண்ட வடம் ஒன்றை வாங்கி இரு துளைகளிலும் செருகுங்கள். வேறு கணினியிலும் இதே அறிகுறி தொடர்ந்தால் டிரைவ்தான் பழுது. அதைப் பழுதுபார்க்கக் கொடுப்பதைவிடப் புதிது வாங்குவது மலிவு.

அறிகுறி: டிரைவ் தெரிகிறது, வட்டு மட்டும் தெரியவில்லை

*வேறு வட்டுகள் ஓடுகின்றனவா?*

நன்றாக இருப்பதாக உறுதியாகத் தெரிந்த ஒரு விசிடியையும் ஒரு டிவிடியையும் போட்டுப் பாருங்கள். ஒரு வகை மட்டும் ஓடவில்லையானால் குறை டிரைவில் இருக்கிறது. டிரைவ் இரண்டுக்கும் வெவ்வேறு நிற லேசர்களைப் பயன்படுத்துவதால், ஒன்று பலவீனப்பட்டும் மற்றொன்று நன்றாகவும் இருக்க முடியும். இரண்டு வகையும் ஓடவில்லையானால் லென்ஸில் தூசு படிந்திருக்கலாம். காற்றை மட்டும் பீய்ச்சும் கைப்பம்பினால் தூசை ஊதிவிட்டு மறுபடி முயலுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி படியும்.

விண்டோஸில் டிவிடியை இரட்டைச் சொடுக்கு செய்து ஓடாததை வைத்து வட்டைக் குறை சொல்லவும் கூடாது. விண்டோஸ் 8 முதல் டிவிடியை ஓட்டும் வசதி இயங்குதளத்தோடு இயல்பாக வருவதில்லை. விஎல்சி பிளேயரை நிறுவி, அதன் வழியாகத் திறந்து பாருங்கள்.

*இந்த ஒரு வட்டு மட்டும்தான் ஓடவில்லையா?*

கழுவுங்கள். பூஞ்சையும், பிளாஸ்டிக் ஆல்பத்தின் உறை வெப்பத்தில் ஒட்டி விட்டுப்போன எண்ணெய்ப் படலமும் இங்கு மிகச் சாதாரணம். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, அடிப்பக்கத்தை விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தடவ வேண்டுமே தவிர வட்டமாகத் தேய்க்கக் கூடாது. பதிவு வட்டமாக ஓடுவதால், வட்டமாக விழும் கீறல் ஒரே இடத்தில் நீண்ட பகுதியை அழித்துவிடும். குறுக்கே விழும் கீறலை டிரைவ் பெரும்பாலும் தானே ஈடுசெய்துகொள்ளும். காகிதம் ஒட்டிய வட்டையும் மையால் அச்சடித்த வட்டையும் நீரில் முக்காதீர்கள்; அடிப்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து நன்றாகக் காய விடுங்கள். தின்னர், மண்ணெண்ணெய், பற்பசை மூன்றும் வேண்டாம்.

கழுவியும் தெரியவில்லையானால் வேறு டிரைவில் முயலுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டில் எழுதிய வட்டைப் படிப்பதில் டிரைவுக்கு டிரைவ் வியக்கத்தக்க வேறுபாடு இருக்கிறது. ஒன்று தொடவே மறுக்கும் வட்டை மற்றொன்று தடையின்றிப் படித்துவிடுகிறது. உறவினர் வீட்டு மூலையில் கிடக்கும் பழைய மேசைக் கணினியின் பெரிய டிரைவ், புதிய மெல்லிய டிரைவைவிடப் பலமுறை நன்றாகவே படிக்கிறது. அதைக் கேட்டு வாங்கி முயல்வதற்குப் பணம் எதுவும் ஆகப்போவதில்லை.

*வீட்டுப் பிளேயரில் ஓடுகிறது, கணினியில் ஓடவில்லையா?*

"தம்பி, டிவி பெட்டியில போட்டா நல்லா ஓடுதே, கம்ப்யூட்டர்ல மட்டும் ஏன் ஓட மாட்டேங்குது?" என்று பாட்டிமார்கள் கேட்பது நியாயமான கேள்வி, நல்ல செய்தியும்கூட. பிளேயர் வட்டை மெதுவாகச் சுழற்றுகிறது. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிக்கொண்டு மேலே போகிறது. கணினியோ ஒவ்வொரு பைட்டும் சரியாக வர வேண்டும் என்று நின்றுவிடுகிறது. ஆகவே பதிவு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. முதலில் கீழே "பாதியில் நிற்கிறது" என்ற பகுதியில் உள்ளவற்றைச் செய்யுங்கள். அவை பலிக்காவிட்டால், பிளேயரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வடங்களை யுஎஸ்பி வீடியோ கேப்ச்சர் கருவி ஒன்றில் இணைத்து, ஓபிஎஸ் ஸ்டூடியோ போன்ற இலவச மென்பொருளில் ஓட ஓடப் பதிவு செய்யலாம். படத்தின் தெளிவு சற்றுக் குறையும். ஒரு மணி நேரப் படத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். ஆயினும் இந்த வழியில் மீண்டுவந்த கல்யாணங்கள் பல.

அறிகுறி: வட்டு காலி என்று கணினி சொல்கிறது

வட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். எழுதப்பட்ட பகுதி உள்ளிருந்து ஒரு வளையமாகத் தொடங்கி, எழுதப்படாத பகுதியிலிருந்து நிறத்தில் சற்று வேறுபட்டுத் தெரியும். அப்படி வளையம் தெரிந்தால் கணினி என்ன சொன்னாலும் வட்டு காலியல்ல.

அதற்கு மிகவும் வழக்கமான காரணம், பதிவு செய்தவர் வட்டை ஃபைனலைஸ் செய்யாமல் விட்டதுதான். 8 சென்டிமீட்டர் சிறு டிவிடியில் நேரடியாகப் பதிவு செய்த கேமராக்களிலும், தொலைக்காட்சியோடு இணைத்த டிவிடி ரெக்கார்டர்களிலும் இது அடிக்கடி நேர்ந்தது. பதிவு முழுவதும் இருக்கும்; எங்கே என்ன இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் மட்டும் எழுதப்பட்டிருக்காது.

இந்த நிலையில் விண்டோஸ், வட்டை எப்படிப் பயன்படுத்த விரும்புகிறீர்கள் என்று கேட்டு ஒரு பெட்டியைத் திறக்கும். அதில் எதையும் தேர்ந்தெடுக்காமல் மூடிவிடுங்கள். ஒப்புக்கொண்டால் கணினி அந்த வட்டில் எழுதத் தொடங்கிவிடும். மீட்க முடிந்ததும் மீட்க முடியாமல் போகும்.

அந்தக் கேமராவோ ரெக்கார்டரோ இன்னும் வீட்டில் இருந்தால் அதிலேயே வட்டைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடினால், மேலே சொன்ன கேப்ச்சர் கருவியால் முதலில் ஒரு பதிவு எடுத்துக்கொண்டு, அதன்பின் கருவியின் மெனுவில் உள்ள ஃபைனலைஸ் கட்டளையைக் கொடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. பழைய கருவி எழுதும் வேளையில் இடையில் நின்றுவிட்டால், உங்கள் கையில் குறைந்தது அந்தப் பதிவாவது இருக்கும்.

கருவி இல்லையானால், ஃபைனலைஸ் ஆகாத வட்டையும் படிக்கக்கூடிய ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளை முயலுங்கள். என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பது இலவசம். எடுத்துச் சேமிக்கும் வசதிகள் சிலவற்றுக்குக் கட்டணம் உண்டு. ஆகவே இருப்பதைப் பார்த்த பிறகே பணம் கட்டலாம். சிறு வட்டைத் தட்டு வெளியே வரும் டிரைவில், நடுப் பள்ளத்தில் வைத்துத்தான் போட வேண்டும். உறிஞ்சிக்கொள்ளும் வகை டிரைவில் போட்டால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

அறிகுறி: நகல் எடுக்கும்போது பாதியில் நிற்கிறது

என்னிடம் வரும் வட்டுகளில் மிகுதியானவை இந்த வகையைச் சேர்ந்தவை. திரையில் "சைக்ளிக் ரிடன்டன்சி செக்" என்றோ "ஐஓ டிவைஸ் எரர்" என்றோ செய்தி வரும். அல்லது பச்சைப் பட்டை ஒரே இடத்தில் நின்று, டிரைவ் மட்டும் ஏறி இறங்கி உறுமிக்கொண்டிருக்கும்.

*ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறதா?*

அப்படியானால் வட்டைச் சந்தேகிக்க வேண்டாம். மின்சாரம் போதாமை, வடம், டிரைவின் சூடு ஆகிய மூன்றையும் பாருங்கள். வட்டுகளை அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தால் மெல்லிய டிரைவ் கொதித்துப்போகும். ஆறவிட்டு மறுபடி தொடங்குங்கள். சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் பழுதாகியிருந்தாலும் இதே செய்திதான் வரும். எனவே ஒருமுறை வேறு ஹார்ட் டிஸ்க்கில் சேமித்துப் பாருங்கள்.

*எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறதா? வட்டு டிவிடியா?*

வட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால், நிற்கும் இடம் எங்கே காயம் என்று காட்டிக்கொடுக்கும். தொடக்கத்திலேயே நின்றால் துளைக்கு அருகில் பாருங்கள். கடைசிக் கால் பகுதியில் நின்றால் விளிம்பில் பாருங்கள். கைரேகையும் பூஞ்சையும் விளிம்பில்தான் அதிகம். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு வட்டானால், முதல் அடுக்கு வெளியே சென்று முடிய, இரண்டாம் அடுக்கு விளிம்பிலிருந்து உள்நோக்கித் திரும்பும். ஆகவே படத்தின் ஏறக்குறைய நடுவில் நின்றால் அதுவும் விளிம்புக் கோளாறே.

அந்த இடத்தைத் துடைத்த பிறகு, கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுக்கும் முறையைக் கைவிடுங்கள். விண்டோஸ் ஒரு செக்டர் (வட்டில் பதிவு பிரிக்கப்பட்டிருக்கும் சிறு துண்டு) படிக்காவிட்டாலும் ஒரு ஜிபி கோப்பு முழுவதையும் கைவிட்டுவிடும். அதற்குப் பதிலாக வட்டின் முழுப் பிம்பத்தை, அதாவது வட்டில் உள்ளதை அப்படியே, ஐஎஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்பாக எடுங்கள். இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளில் படிக்கும் வேகத்தை 4 மடங்குக்கோ அதற்கும் கீழேயோ குறைக்கலாம். படிக்க முடியாத செக்டரைத் தாண்டிச் செல்லவும் சொல்லலாம். சாதாரணக் கீறல்கள் இதிலேயே தீர்ந்துவிடும்.

இதுவும் போதாதபோது நான் நம்பிக் கையில் எடுப்பது குனு டிடிரெஸ்கியூ என்ற மீட்பு நிரல். உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவில் ஏற்றிக் கணினியை அதிலிருந்து இயக்கினால் விண்டோஸைத் தொடாமலேயே இதைப் பயன்படுத்தலாம். செக்டர் அளவை 2048 பைட் என்று குறிப்பிட மறக்காதீர்கள். இந்த நிரல் முதலில் எளிதாகப் படிக்கக்கூடியவற்றை எல்லாம் எடுத்துக்கொண்டு, கடினமான இடங்களைப் பின்னர்த் திரும்பி வந்து முயல்கிறது. பழுதான வட்டை எடுத்த எடுப்பிலேயே முட்டி மோதாமல், கிடைப்பதை முதலில் பத்திரப்படுத்தும் இந்த வரிசைதான் இதன் சிறப்பு. எதைப் படித்தது, எது மீதி என்று ஒரு மேப் கோப்பில் அது எழுதி வைத்துக்கொள்ளும். இரவில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். அதைவிட முக்கியமாக, வட்டை வேறு டிரைவுக்கு மாற்றி, அதே பிம்பக் கோப்பையும் அதே மேப் கோப்பையும் கொடுத்து, மீதி இடங்களை மட்டும் அந்த டிரைவைக் கொண்டு படிக்க வைக்கலாம். மேப் கோப்பை அழித்துவிட்டால் இந்த வசதி போய்விடும்.

கல்யாண வட்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியாகப் பல எழுதிப் பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் கொடுக்கப்பட்டவை. இரண்டு வீட்டு வட்டிலும் காயம் ஒரே இடத்தில் இருப்பது அரிது. பணம் செலவழிக்கத் தொடங்கும் முன், சித்தப்பா வீட்டிலும் அத்தை வீட்டிலும் அதே வட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றில் கிடைக்காத காட்சியை மற்றொன்றிலிருந்து எடுத்துச் சேர்த்துவிடலாம்.

*எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறதா? வட்டு விசிடியா?*

விசிடிக்கு ஐஎஸ்ஓ பிம்பமும் டிடிரெஸ்கியூவும் பொருந்தா. அதில் படம் பதிவாகியிருக்கும் செக்டர் ஒன்று 2324 பைட் கொண்டது. தரவு வட்டுகளில் அந்த இடத்தின் ஒரு பகுதி பிழை திருத்துவதற்கென ஒதுக்கப்பட்டிருக்கும், விசிடியிலோ அதையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் 700 எம்பி வட்டில் 800 எம்பி அளவுள்ள கோப்பு இருப்பதாகக் கணினி காட்டுகிறது, அதில் தவறில்லை. அதனால்தான் சிறு கீறலும் நகலை நிறுத்திவிடுகிறது.

எம்பெக்ஏவி (MPEGAV) என்ற கோப்புறையில் உள்ள டாட் (DAT) கோப்பை முதலில் நேரடியாக நகலெடுத்துப் பாருங்கள். நின்றால், வட்டைப் பின் (BIN), கியூ (CUE) என்ற இரட்டைக் கோப்புகளாகக் குறைந்த வேகத்தில் எடுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஐசோபஸ்டரில், எம்பெக் படச் சட்டங்களை மட்டும் வடிகட்டி எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். படிக்க முடியாத இடத்தில் படம் ஒரு நொடி கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு தொடர்ந்து ஓடும். தாலி கட்டும் நேரத்தில் ஒரு நொடி உடைவது வருத்தம்தான். ஆனால் வட்டு முழுவதையும் இழப்பதோடு ஒப்பிட்டால் அது பொறுத்துக்கொள்ளக் கூடியது.

அறிகுறி: கடையில் வாங்கிய படம் நகலாக மறுக்கிறது

வணிகத் திரைப்பட டிவிடிகளில் நகல் தடுப்புப் பூட்டு இருக்கும். இம்க்பர்ன் அத்தகைய வட்டைப் படிக்க மறுத்துவிடும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 2012இல் திருத்தப்பட்ட பிறகு, அத்தகைய தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைத் தடை செய்கிறது. ஆகவே இந்தப் பிழைக்கு இங்கே தீர்வு கிடையாது. அந்தப் படம் முறையான இணையத் தளங்களில் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பதிலேயே "ரீஜன்" பிழை வந்தால் அது வேறு விஷயம். திரைப்பட டிவிடிகள் உலகின் எந்தப் பிராந்தியத்தில் ஓட வேண்டும் என்று எண்ணிட்டு விற்கப்படுகின்றன. மலேசியா 3ஆம் பிராந்தியம், இந்தியா 5ஆம் பிராந்தியம். டிரைவின் பிராந்தியத்தை 5 முறைதான் மாற்றலாம். கடைசியாக வைத்தது நிலைத்துவிடும். எனவே சோதித்துப் பார்ப்பதற்காக அதை மாற்றாதீர்கள். வீட்டு வட்டுகளுக்கு இந்தத் தொல்லை வராது.

அறிகுறி: "கோப்பு மிகப் பெரியது" என்ற செய்தி

பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது; அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு நுழையாது. முழு டிவிடியின் பிம்பம் அதைத் தாண்டிவிடும். பென்டிரைவில் உள்ளவற்றை வேறிடத்தில் வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். வட்டிலோ டிரைவிலோ எந்தக் குறையும் இல்லை.

அறிகுறி: நகல் முடிந்தது, ஆனால் படம் சரியாக இல்லை

*ஒலி இல்லை.* டிவிடியின் ஒலி ஏசி3, எம்பி2 போன்ற வகைகளில் இருக்கும். சில தொலைக்காட்சிகளும் கைப்பேசிகளும் அவற்றை ஏற்பதில்லை. விஎல்சியில் கேட்டுப் பாருங்கள். கேட்டால் கோப்பு நன்றாக இருக்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மாற்றி மென்பொருளில் ஒலியை ஏஏசி வகையாக மாற்றினால் போதும்.

*அசையும் விளிம்புகளில் சீப்புப் பற்களைப் போன்ற கோடுகள்.* நம் நாட்டு டிவிடிகள் பெரும்பாலும் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில், 720க்கு 576 அளவில், ஒற்றைவரி இரட்டைவரி மாறி மாறிப் பதிவானவை. பழைய குழாய்த் தொலைக்காட்சியில் தெரியாத கோடுகள் கணினித் திரையில் தெரிகின்றன. ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் தேர்வை இயக்கி மறுபடி மாற்றுங்கள். இதற்காகவும் சேர்த்துத்தான் முதலில் ஐஎஸ்ஓவை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மாற்றும் வேலையை எத்தனை முறை செய்தாலும் வட்டை மறுபடி சுழற்ற வேண்டியதில்லை.

*உதடு அசைவும் பேச்சும் பொருந்தவில்லை.* தொடக்கத்திலிருந்தே பொருந்தாவிட்டால், டிவிடியில் படம் பிரித்து வைக்கப்பட்டிருக்கும் விஓபி (VOB) கோப்புகளைத் தனித்தனியாக எடுத்து ஒட்டியதே காரணமாக இருக்கும். ஐஎஸ்ஓவையே மூலமாகக் கொடுத்து மாற்றுங்கள். ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் பிறகு மட்டும் பிசகினால், அங்கே படிக்கப்படாத செக்டர்கள் இருக்கின்றன. அந்த இடத்தில் படத்தை இரண்டாக வெட்டித் தனித்தனியாக மாற்றுவதே எளிய வழி.

*சில பகுதிகள் காணவில்லை.* ஸ்டூடியோக்கள் நலங்கு, தாலி கட்டு, வரவேற்பு என்று தனித்தனித் தலைப்புகளாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். ஹேண்ட்பிரேக் பட்டியலில் எல்லாத் தலைப்புகளையும் பாருங்கள். மிகச் சிறியவற்றை அது இயல்பாகவே ஒதுக்கிவிடும்.

*தலைப்பு எதுவுமே தெரியவில்லை.* தலைப்புகளை விவரிக்கும் ஐஎஃப்ஓ (IFO) கோப்பு பழுதாகியிருக்கலாம். அதன் மாற்றுப் பிரதி பியூபி (BUP) என்ற முடிவோடு அதே கோப்புறையில் இருக்கிறது. கணினியில் உள்ள நகலில் பழுதான கோப்பை அப்புறப்படுத்திவிட்டு, பியூபியின் ஒரு பிரதிக்கு ஐஎஃப்ஓ என்று முடிவை மாற்றிப் பெயரிட்டால் பலமுறை சரியாகிவிடும். ஆடியோ கோப்புறை காலியாக இருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். டிவிடி படங்களில் அது காலியாகத்தான் இருக்கும்.

எப்போது நிறுத்திவிட்டு நிபுணரிடம் கொடுக்க வேண்டும்

பதிவுப் பகுதியை எட்டிய வெடிப்பு, டிவிடியின் இரு தகடுகளும் விளிம்பில் பிரிந்து நிற்பது ஆகிய இரண்டும் உடனே நிறுத்த வேண்டியவை. கழுவிய பிறகும் குறைந்தது மூன்று வெவ்வேறு டிரைவுகள் வட்டை அறியவே மறுப்பதும், ஃபைனலைஸ் ஆகாத வட்டில் ஐசோபஸ்டரும் எதையும் காணாததும் வீட்டு முயற்சியின் எல்லை. அதன்பின் மேலும் மேலும் சுழற்றுவதால் பலனில்லை.

அடிப்பக்கக் கீறல் மட்டும் ஆழமாக இருந்தால், வட்டை மெருகேற்றும் இயந்திரம் வைத்திருக்கும் கடையை ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ தேடலாம். மெருகேற்றுவது பிளாஸ்டிக்கைச் சற்றே தேய்த்தெடுப்பது என்பதால், கிடைத்த அளவுக்குப் பிம்பம் எடுத்து வைத்த பிறகே கொடுங்கள். பெயர்ப் பக்கக் கீறலுக்கும், ஊசித் துளைகளுக்கும், வெடிப்புக்கும் அது உதவாது. உதவும் என்று சொல்லும் கடையிலிருந்து வட்டோடு திரும்பி வந்துவிடுங்கள்.

மற்றவற்றுக்குத் தரவு மீட்பு நிறுவனங்கள்தான் வழி. கட்டணம் கணிசமாக இருக்கும் என்பதால், அதற்கு முன் படம் பிடித்தவரைத் தேடிப் பாருங்கள். ஸ்டூடியோ மூடியிருந்தாலும், அவர் வீட்டில் மூல மினிடிவி (MiniDV) கேமரா நாடாவோ விஎச்எஸ் நாடாவோ இருக்கலாம். நாடா கிடைத்தால் வட்டையே மறந்துவிடலாம். நிறுவனத்துக்குச் செல்லும்போது வட்டோடு சேர்த்து, அரைகுறையாக எடுத்த ஐஎஸ்ஓவையும் மேப் கோப்பையும் கொண்டு செல்லுங்கள். எந்தெந்த டிரைவில் எந்த இடம் வரை படித்தது, வட்டைக் கழுவினீர்களா, எந்தக் கருவியில் பதிவானது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பார்த்துச் சொல்வதற்கு மட்டும் எவ்வளவு, மீட்க முடியாவிட்டால் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன்பின் வட்டைக் கொடுங்கள்.